ஒற்றைக் கையால் பனியைப் படம் பிடித்தவர்!

அவருக்கு வலது கை கிடையாது. தோளோடு போய்விட்டது.

அவருடைய காமிராவோ மிகப் பெரியது. மரப்பெட்டி போல இருக்கும். அதை முக்காலியின் மேல் ஏற்றி வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். இரண்டு கை உள்ளவர்களே அதைத் தூக்கிக்கொண்டு நடக்கத் திணறுவார்கள்.

அந்தக் காமிராவைத் தோளில் சுமந்துகொண்டு, பனி மூடிய தெருக்களிலும் தோட்டங்களிலும் அவர் நடந்தார். வெளியே போய்ப் படம் எடுக்க முடியாத காலம் வந்தது. அப்போது தன் ஜன்னல் ஓரத்தில் காமிராவை நிறுத்தினார். அங்கிருந்தே படம் எடுத்தார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 14 ஆண்டுகள்!

அவர் பெயர் ஜோசப் சூடெக். செக் நாட்டுக்காரர். பிராக் நகரில் வாழ்ந்தவர். "பிராக் நகரின் கவிஞர்" என்று அவரைச் சொல்லுகிறார்கள். காமிராதான் அவருக்குப் பேனா.

பஞ்சு போல இறங்கும் பனி

பிராக் நகரத்துக் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், சூடெக் செய்த வேலை புரியும்.

நம் ஊரில் பனி என்றால், மார்கழி மாதத்து விடியற்காலையில் புல்லின் நுனியில் நிற்கும் துளி. வெயில் ஏறியதும் மறைந்துவிடும். அங்கே கொட்டும் பனி வேறு. வானத்தில் இருந்து பஞ்சு போல இறங்கும். கூரை, மரம், வேலி, தெரு எல்லாவற்றையும் மூடும். மழையைப்போல் சத்தம் போடாது. இரவு படுக்கும்போது கறுப்பாக இருந்த தெரு, காலையில் எழுந்து பார்த்தால் வெள்ளைவெளேர் என்று இருக்கும்.

டிசம்பர் மாதத்தில் பிராக் நகரில் சூரியன் உதிக்கும்போது காலை மணி 8 ஆகிவிடும். மாலை 4 மணிக்கெல்லாம் மறைந்துவிடும். பகல் என்பதே 8 மணி நேரம்தான். அதிலும் பல நாள் மேகமூட்டம்.

பனிக் காட்சியைப் படம் எடுக்க நினைப்பவருக்கு நேரம் மிகவும் குறைவு. கிளையில் உட்கார்ந்த பனி, காற்று அடித்தால் உதிர்ந்துவிடும். வெயில் பட்டால் உருகிவிடும். நாலு பேர் நடந்தால் தரையில் கிடக்கும் பனி சேறாகிவிடும்.

ரெயில் ஏறித் தூரத்து மலைக்குப் போகிறவர், போய்ச் சேருவதற்குள் காட்சி கலைந்துவிடலாம். வீட்டு வாசலில் நிற்பவருக்கு அது உடனே கிடைக்கும். அதுவும், எந்த மரம் எங்கே வளைந்திருக்கிறது, எந்தச் சுவரில் எப்போது வெளிச்சம் விழும் என்று தெரிந்தவராக இருந்தால், கேட்கவே வேண்டாம்.

சூடெக் அப்படிப்பட்டவர். ஆனால் வீட்டு வாசலின் அருமை அவருக்குச் சும்மா தெரிந்துவிடவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

புத்தகம் கட்டும் தொழிலாளி

சூடெக் 1896-ம் ஆண்டு மார்ச் மாதம் 17-ந் தேதி, கோலின் என்ற ஊரில் பிறந்தார். அந்தப் பகுதி அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசின் கீழ் இருந்தது.

தந்தை, வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. சூடெக் சிறு குழந்தையாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். சூடெக்குக்கு ஒரு தங்கை உண்டு. அவர் பெயர் போஷெனா. அண்ணனுக்குக் கடைசி வரை துணையாக இருந்தவர் இந்தத் தங்கைதான்.

சூடெக், புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார். தாளை மடிப்பது, நூல் கோத்துத் தைப்பது, பசை தடவுவது, அட்டை போடுவது. இதுதான் வேலை. கூட வேலை செய்த ஒருவருக்குப் போட்டோ எடுக்கும் பழக்கம் இருந்தது. அவரைப் பார்த்துச் சூடெக்கும் காமிராவைத் தொட்டார். அப்போது அது வெறும் பொழுதுபோக்கு.

1914-ம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. 1915-ல் சூடெக்கைப் பட்டாளத்துக்கு அழைத்தார்கள். இத்தாலிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். காமிராவும் கூடப் போயிற்று.

1917-ம் ஆண்டு. போர்முனையில் சூடெக்கின் வலது கையில் படுகாயம் ஏற்பட்டது. கையைக் காப்பாற்ற முடியவில்லை. தோளோடு எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 21.

இனி என்ன செய்வது?

புத்தகம் கட்டுவது இரண்டு கைத் தொழில். ஒரு கை தாளைப் பிடிக்க வேண்டும். மறு கை ஊசியைப் பிடிக்க வேண்டும். கற்ற தொழில் ஒரே நாளில் கைவிட்டுப் போயிற்று.

காயம்பட்ட சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரிகளில் சுமார் 3 ஆண்டுகளைக் கழித்தார். ஆஸ்பத்திரியிலும் சும்மா இருக்கவில்லை. கூட இருந்தவர்களைப் படம் எடுத்தார்.

வெளியே வந்ததும், ஆபீசில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று தருவதாகச் சொன்னார்கள். சூடெக் வேண்டாம் என்றார். "இருக்கிற ஒரு கையும் காமிராவுக்கே" என்று முடிவு செய்துவிட்டவர்போல் நடந்துகொண்டார். ஊனமுற்ற சிப்பாய்களுக்கு அரசாங்கம் தரும் உதவித் தொகையை வைத்துக்கொண்டு போட்டோக் கலையில் இறங்கினார்.

1922-ல் பிராக் நகரில் அரசாங்கக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். 2 ஆண்டுகள் படித்தார். அதே காலத்தில், போரில் கை கால் இழந்தவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு அடிக்கடி போய் அவர்களைப் படம் எடுத்தார். அவர்களுடைய கஷ்டம் சூடெக்குக்குத் தெரியும். அவரும் அவர்களில் ஒருவர் அல்லவா?

அடுத்து, பிராக் நகரின் பெரிய தேவாலயம். புனித வைட்டஸ் தேவாலயம் என்று பெயர். 1344-ம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோவில் அது. 1929-ம் ஆண்டில்தான் கட்டி முடித்தார்கள்! கடைசிக் கட்ட வேலைகள் நடந்தபோது சூடெக் உள்ளே போய்ப் படம் எடுத்தார். கற்குவியல், பலகை, தள்ளுவண்டி. அவற்றின் மேல் உயரத்து ஜன்னல் வழியாக விழும் சூரியக் கதிர். 1928-ல் அந்தப் படங்களில் 15-ஐத் தேர்ந்தெடுத்துத் தொகுப்பாக வெளியிட்டார்கள். சூடெக்கின் பெயர் வெளியே தெரிந்தது.

பாதிக் கச்சேரியில் மறைந்தார்

இதற்கு நடுவில் ஒரு சம்பவம் நடந்தது. 1926-ம் ஆண்டு.

சூடெக்குக்குச் சங்கீதம் என்றால் உயிர். பிராக் நகரின் புகழ்பெற்ற இசைக் குழுவில் அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். குழு இத்தாலிக்குப் புறப்பட்டது. "நீயும் வா" என்று அழைத்தார்கள். சூடெக்கும் போனார்.

ஒரு நகரில் கச்சேரி. பாதிக் கச்சேரியில் சூடெக் எழுந்தார். வெளியே போனார். திரும்பி வரவில்லை!

இருட்டில் நடந்தார். ஊரைத் தாண்டி வயல்வெளிகளுக்குப் போனார். எதைத் தேடினார்? தன் கை போன இடத்தை!

இடத்தைக் கண்டுபிடித்தார். காயம்பட்ட அன்று அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்திய பண்ணை வீடு அங்கேயே இருந்தது. ஆனால் போன கை வரவா போகிறது?

சுமார் 2 மாதம் கழித்துத்தான் பிராக் நகருக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பயணத்தில் அவருக்கு நாட்டம் இல்லை. தேட வேண்டியதைத் தேடி முடித்துவிட்டார். இனி எதையும் தன் ஊரிலேயே பார்ப்பது என்று இருந்துவிட்டார்.

தோட்டத்து மரக் கொட்டகை

1927-ல் பிராக் நகரில், பெட்ரின் என்ற குன்றின் அடிவாரத்தில், ஊயெஸ்த் தெருவில் சூடெக் ஓர் இடம் பிடித்தார். பெரிய கட்டிடங்களுக்கு நடுவே ஒரு சிறு தோட்டம். அதில் ஒரு மரக் கொட்டகை. அதுவே வீடு. அதுவே ஸ்டூடியோ. அதுவே படம் கழுவும் இருட்டறை.

உள்ளே பார்த்தால் கால் வைக்க இடம் இருக்காது. காகிதம், பெட்டி, கண்ணாடி, இசைத்தட்டு என்று குவிந்து கிடக்கும். சூடெக் எதையும் தூக்கி எறியமாட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் நண்பர்கள் வருவார்கள். அந்தக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து எல்லோரும் இசைத்தட்டுக் கேட்பார்கள்.

ஜன்னலுக்கு வெளியே தோட்டம். அதில் வளைந்து நெளிந்த ஒரு மரம். அழகான மரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த மரம்தான் பின்னால் உலகப் புகழ் பெறப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஹிட்லர் படை வந்தது

1939-ம் ஆண்டு மார்ச் மாதம் 15-ந் தேதி. ஜெர்மன் படைகள் பிராக் நகருக்குள் புகுந்தன. அன்று மாலையே ஹிட்லர் பிராக் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். 6 ஆண்டுகள் அந்த நாடு நாஜிகளின் பிடியில் சிக்கியது.

தெருவில் காமிராவோடு திரிந்தால் ஆபத்து. பெரிய முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒற்றைக் கை மனிதர் யார் கண்ணுக்கும் தப்பமுடியாது. வெளியே படம் எடுக்கத் தடைகள் வந்தன.

வேறு ஒருவராக இருந்தால் காமிராவை மூட்டை கட்டி வைத்திருப்பார். சூடெக் கட்டி வைக்கவில்லை. காமிராவை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

1940-ல் தொடங்கிய அந்த ஜன்னல் படங்களை 1954 வரை எடுத்தார். "என் ஸ்டூடியோவின் ஜன்னல்" என்று அவற்றுக்குப் பெயர்.

அதே ஜன்னல், அதே மரம். ஆனால் ஒரு படம் போல இன்னொரு படம் இல்லை. ஒன்றில் மரத்தின் கிளைகள் எல்லாம் பனி சுமந்து நிற்கின்றன. ஒன்றில் கண்ணாடி முழுவதும் நீர்த்துளி. தோட்டம் நிழல் போலத் தெரிகிறது. ஒன்றில் கண்ணாடியிலேயே உறைபனி பூத்திருக்கிறது.

குளிர்ந்த தண்ணீர் உள்ள செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் உள்ள ஈரம், குளிர்ந்த பொருளில் பட்டதும் துளியாகிறது. ஜன்னலிலும் அதே கதைதான். அறைக்கு உள்ளே கதகதப்பு. வெளியே கடுங்குளிர். நடுவில் கண்ணாடி. உள்ளே உள்ள ஈரம் கண்ணாடியில் துளியாகப் படியும். குளிர் இன்னும் கடுமையானால் அந்த ஈரம் உறைந்து, இலையும் பூவும் வரைந்தாற்போல் கோலமிடும்.

மற்றவர்கள் அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்ப்பார்கள். சூடெக் துடைக்காமல் படம் எடுத்தார். ஊர் இருந்த நிலையை அந்த மங்கிய கண்ணாடி சொல்லாமல் சொல்லிற்று.

வெள்ளைப் பனி சாம்பல் ஆவது ஏன்?

பனியைப் படம் எடுப்பது பார்ப்பதற்குச் சுலபம்போல் தெரியும். எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த பனி, படத்தில் சாம்பல் நிறமாக வந்து நிற்கும். காரணம் என்ன?

காமிராவில் வெளிச்சத்தை அளக்கும் கருவி உண்டு. எந்தக் காட்சியையும் நடுத்தரமான வெளிச்சம் உள்ளதாகவே அது கணக்குப் போடும். பளீர் என்ற பனியைப் பார்த்ததும், "வெளிச்சம் மிகவும் அதிகம்" என்று எண்ணி அதைக் குறைத்துவிடும். வெள்ளை, சாம்பலாகிவிடும்.

ஆகவே, காமிரா சொல்லும் அளவைப்போல் 2 மடங்கு முதல் 4 மடங்கு வரை வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். வெளிச்சமான காட்சிக்கு இன்னும் வெளிச்சமா என்று தோன்றும். அதுதான் சரி. இன்று கைப்பேசியில் படம் எடுப்பவர்களும், திரையில் பனி உள்ள இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் பனி வெள்ளையாக வரும்.

நேரமும் முக்கியம். சூரியன் உயரத்தில் இருக்கும்போது பனித்தரை, விரித்த வேட்டி போலத் தட்டையாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் வெளிச்சம் சாய்வாக விழும். அப்போது ஒவ்வொரு சிறு மேட்டுக்கும் நிழல் உண்டாகும். தரைக்கு உயிர் வரும்.

படத்தில் கொஞ்சம் கறுப்பும் வேண்டும். ஒரு கிளை, ஒரு வேலி, ஒரு காகம். வெள்ளையின் அழகைக் கறுப்புதான் எடுத்துக் காட்டும்.

குளிரில் இருந்து காமிராவைத் திடீரென்று கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால், செம்பு வியர்ப்பதுபோல் காமிராவும் வியர்த்துவிடும். லென்சில் ஈரம் படியும். அதனால் வெளியிலேயே காமிராவைப் பையில் போட்டு இறுக மூடிவிட வேண்டும். அறைக்குள் வந்து, காமிராவின் குளிர் மெல்லத் தணிந்த பிறகே பையைத் திறக்க வேண்டும். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் களைத்துவிடும். மாற்றுப் பேட்டரியைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருப்பது நல்லது.

இவை யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய விதிகள். சூடெக்கின் கஷ்டம் இவற்றோடு முடியவில்லை.

பல்லும் ஒரு கை!

பெரிய காமிராவில் படம் எடுப்பது எப்படி? முதலில் முக்காலியை விரிக்க வேண்டும். காமிராவை அதன்மேல் பொருத்த வேண்டும். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் காட்சியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு பிலிம் உள்ள சட்டத்தைச் செருகி, அதன் மூடியை இழுக்க வேண்டும்.

இவ்வளவையும் சூடெக் ஒரு கையால் செய்தார். கை போதாத இடத்தில் பல்லைப் பயன்படுத்தினார். பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு கையால் வேலை செய்வார். குளிரில் விரல் மரத்துப் போகும் இடத்தில் இது சாதாரண காரியமா?

அதனால் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. அவசரப்படமாட்டார். 20 படம் எடுத்து ஒன்றைப் பொறுக்குவோம் என்று நினைக்கமாட்டார். ஒரு படத்துக்காகக் காத்திருப்பார். மங்கலான குளிர்கால வெளிச்சத்தில் லென்சை நீண்ட நேரம் திறந்து வைப்பார். பனி சுமந்த மரமும் ஆடாமல் நிற்கும். மரத்துக்கும் மனிதருக்கும் பொறுமைப் போட்டி!

ஒரு பழைய படம் செய்த மாற்றம்

1940-ம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. பிரான்சு நாட்டுத் தேவாலயச் சிலை ஒன்றின் பழைய போட்டோவைச் சூடெக் பார்த்தார். 1900-ம் ஆண்டுவாக்கில் எடுத்த படம் அது. கல்லின் சொரசொரப்பைக்கூடத் தொட்டுப் பார்க்கலாம் போல இருந்தது.

அது பெரிதாக்கிய படம் அல்ல. பிலிம் எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவே பெரிது. பிலிமை நேராகத் தாளின் மேல் வைத்து அச்செடுத்திருந்தார்கள்.

பொதுவாக, சிறிய பிலிமில் படம் எடுத்து, சினிமாக் கொட்டகையில் திரையில் காட்டுவதுபோல் வெளிச்சம் பாய்ச்சித் தாளில் பெரிதாக்குவார்கள். பெரிதாக்கும்போது நுணுக்கம் கொஞ்சம் குறையும். பிலிமைத் தாளோடு ஒட்டி வைத்து அச்செடுத்தால் நுணுக்கம் போகாது.

"இனிமேல் இந்த முறைதான்" என்று சூடெக் தீர்மானித்தார். பெரிய படம் வேண்டும் என்றால் பெரிய பிலிம் வேண்டும். பெரிய பிலிம் என்றால் பெரிய காமிரா. ஒற்றைக் கை மனிதர், சுமையைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிக்கொண்டார்!

அவருடைய பனிப் படங்களில் வெள்ளை என்பது ஒரே வெள்ளையாக இல்லாமல் இருப்பதற்கு இதுவும் காரணம். பால் வெள்ளை, சாம்பல் பூத்த வெள்ளை, இருட்டப் போகிற நேரத்து வெள்ளை என்று எத்தனையோ வகைகளை அந்தப் படங்களில் பார்க்கலாம்.

முகாமில் இருந்து வந்த பெண்

1945-ம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தது. நாஜிகளின் வதை முகாமில் இருந்து உயிர் தப்பிவந்த ஒரு யூதப் பெண், சூடெக்கிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அவர் பெயர் சோனியா புல்லாட்டி.

கையை இழந்தவர் ஆசிரியர். போரில் எல்லாவற்றையும் இழந்தவர் மாணவி. இருவரும் சேர்ந்து காமிராவைச் சுமந்துகொண்டு பிராக் நகரைச் சுற்றினார்கள். 1947-ல் சோனியா அமெரிக்காவுக்குப் போனார். அங்கே தாமும் பெயர் பெற்ற போட்டோக் கலைஞர் ஆனார். 1978-ல் ஆசிரியரைப் பற்றி அவர் வெளியிட்ட புத்தகம், சூடெக்கின் புகழைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோயிற்று.

பிராக் நகரில் 1948-ல் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. தொழிற்சாலையும் உழைப்பாளியும் உள்ள படங்களுக்கே அப்போது முதல் மரியாதை. ஈரக் கண்ணாடியையும் பனி மரத்தையும் எடுக்கிறவரை யார் கவனிப்பார்கள்? சூடெக் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தன் ஜன்னலை விடவில்லை.

வெளியே நடக்கவும் தொடங்கினார். கொட்டகைக்குப் பின்னால் உள்ள பெட்ரின் குன்று. வல்டாவா ஆற்றங்கரை. கட்டிடக் கலைஞரான நண்பர் ஓட்டோ ரோட்மாயரின் தோட்டம். எல்லாம் சொந்த ஊருக்குள்ளேயே உள்ள இடங்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். பனியிலும் போனார், மழையிலும் போனார்.

பழங்காலத்துக் காமிரா ஒன்று அவரிடம் இருந்தது. அகலமான காட்சியை ஒரே பிலிமில் பிடிக்கும். பிலிமின் அளவு 10 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர். அதைக்கொண்டு பிராக் நகரையும் சுற்றுப்புறங்களையும் எடுத்தார். 1959-ல் 284 படங்கள் அடங்கிய புத்தகமாக அது வெளிவந்தது. ஒரு நகரத்தை ஒரு மனிதர் எவ்வளவு தெரிந்துவைத்திருக்க முடியும் என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி.

புகழ் தேடி வந்தது

1961-ல் செக்கோஸ்லோவாகியா அரசாங்கம் சூடெக்குக்குச் சிறந்த கலைஞர் பட்டம் அளித்தது. அமெரிக்காவில் உள்ள பெரிய போட்டோக் கலைக் காட்சிசாலை ஒன்று 1974-ல் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. ஊரைவிட்டுப் போகாத மனிதரின் படங்கள் கடல் கடந்து போயின.

1976-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ந் தேதி சூடெக் காலமானார். வயது 80.

1980-க்குப் பின் அந்த மரக் கொட்டகை தீப்பிடித்து எரிந்துவிட்டது. ஆனால் பிராக் மக்கள் அதை மறக்கவில்லை. 2000-ம் ஆண்டில் அதே இடத்தில், அதே மாதிரியில் கொட்டகையைக் கட்டினார்கள். அது போட்டோக் கண்காட்சி நடத்தும் இடம் ஆயிற்று. 2016-ம் ஆண்டில் பாரிஸ் நகரிலும், கனடா நாட்டின் ஒட்டாவா நகரிலும் சூடெக்கின் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, அந்த ஜன்னலும் அந்த வளைந்த மரமும் அங்கே முக்கிய இடம் பெற்றன.

ஜன்னல் யாருக்கும் உண்டு

அழகான படம் எடுக்க வேண்டும் என்றால் அழகான ஊருக்குப் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பயணத்துக்குப் பணம் இல்லை, நேரம் இல்லை, உடம்பு இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி, கையில் உள்ள காமிராவைச் சும்மா வைத்திருக்கிறார்கள்.

சூடெக்குக்கு ஒரு கை இல்லை. 6 ஆண்டுகள் ஊரில் சுதந்திரம் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு ஜன்னல், ஒரு மரம், பொறுமை. அந்த மரத்தை அவர் பனியில் பார்த்தார், மழையில் பார்த்தார், இலை துளிர்க்கும்போது பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு அது அலுக்கவில்லை.

பனி கொட்டும் நாட்டில் வாழ்கிறவர்களுக்கு அவருடைய வழி மிகவும் சுலபம். காலையில் எழுந்ததும், யாரும் நடப்பதற்கு முன்னால், வாசலுக்கு வந்தால் போதும். பனி கொட்டாத ஊரில் இருப்பவர்களுக்கும் மழை உண்டு, மூடுபனி உண்டு, மாலை வெயில் உண்டு. ஜன்னல் எந்த ஊரிலும் உண்டு.